பழைய வின்ச்சும் புதிய பலமும்

திருகோணமலைத் துறைமுகம் உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்பதை நேயர்கள் பலமுறை கேட்டிருப்பார்கள். அதன் ஆழத்தையும், அதனைச் சூழ்ந்து நிற்கும் குன்றுகளின் வனப்பையும், கோணமாமலையின் உச்சியில் விளங்கும் கோணேசர் கோயிலின் பெருமையையும் எடுத்துரைப்போர் பலர். இழுத்தல், தூக்குதல், உயர்த்துதல் என்னும் தொழில்களுக்கும் அத் துறைமுகம் ஒரு பெரும் பள்ளிக்கூடமாக இருந்து வந்திருக்கின்றது என்பதை நினைப்போர் சிலரே. நங்கூரத்தைத் தூக்குவதும், தோணியைக் கரையேற்றுவதும், கரைவலையை வாங்குவதும், பெருங்கப்பலைப் பழுதுபார்க்கும் தளத்தின்மீது ஏற்றுவதும் அங்கே நெடுங்காலமாக நடந்துவந்த காரியங்கள்.

அப்பெரிய காரியங்களுக்கு நடுவே ஒரு சிறிய யந்திரத்தைப் பற்றியது இன்றைய பேச்சு. பழைய லாண்ட் றோவர் வண்டிகள் சிலவற்றின் முன்புறத்தில், நெற்றிக்கட்டைக்கு நடுவே, இடை சிறுத்த உரல்போல ஓர் இரும்பு உருளை நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். அதுவே கப்ஸ்டன் வின்ச். சேற்றிலோ மணலிலோ புதைந்த வண்டியைக் கயிறு கொண்டு வெளியே இழுப்பதற்காக அமைந்தது. அதை அப்படியே வைத்திருப்பதா, கழற்றிவிட்டு இக்காலத்து மின்சார வின்ச் ஒன்றைப் பூட்டுவதா என்பதே கேள்வி. கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் தவறாக விடையளித்தால் அறுபது வருஷம் உழைத்த வண்டியின் அடிச்சட்டம் முறியலாம். அறுந்த கயிறு ஒரு மனிதனின் உயிரையே வாங்கலாம். ஆகவே சற்று நின்று ஆராய்வதற்கு உரிய கேள்விதான் இது.

ஆராய்ச்சியைத் துறைமுகத்திலிருந்தே தொடங்குவோம். இரண்டாவது உலக மகாயுத்தத்தின்போது, பம்பாயில் கட்டப்பட்ட பிரமாண்டமான மிதக்கும் தளம் ஒன்று கடல்வழியே இழுத்து வரப்பட்டுத் திருகோணமலையில் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 50,000 தொன் பாரத்தைத் தூக்கவல்லது அது. அதன் தொட்டிகளில் நீர் நிரப்பினால் தளம் தாழும். கப்பல் அதனுள்ளே புகும். பின்னர் நீரை இறைத்து வெளியேற்றினால் தளம் கப்பலையும் சுமந்துகொண்டு மேலே எழும். 1944ஆம் ஆண்டு ஓகஸ்ட் 8ஆம் திகதி, பிரித்தானியக் கடற்படையின் வேலியன்ட் என்னும் போர்க்கப்பல் அத்தளத்தில் ஏற்றப்பட்டது. கப்பலின் நிறை தளத்தின் பலத்துக்கு உட்பட்டதே. எனினும் அக் கப்பலின் பாரம் பரவியிருந்த முறைக்கு ஒவ்வாத ஒழுங்கில் தொட்டிகள் இறைக்கப்பட்டன. கப்பலிலே வெடிமருந்துச் சுமையும் நிறைந்திருந்தது. தளத்தின் இரு முனைகளும் அளவுக்கு மீறி வளைந்தன, முதுகெலும்பு முறிந்தது, அம் மாபெரும் தளம் நீரில் ஆழ்ந்தது. கப்பல் தப்பியது, ஆயினும் அதன் சுழல்விசிறிகளும் சுக்கானும் பழுதுற்றன.

பலம் போதாமையால் அத்தளம் அழியவில்லை. பலம் எந்த இடத்தில், எந்த ஒழுங்கில் செலுத்தப்பட்டது என்பதிலேதான் கேடு விளைந்தது.

அதே துறைமுகத்தில் இதற்கு மறுதலையான காட்சியொன்றும் உண்டு. சகாயிங் என்னும் வணிகக் கப்பல், 1942ஆம் ஆண்டு ஏப்பிரில் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது குண்டுபட்டு எரிந்தது. அடுத்த ஆண்டில், இறங்குதுறையாகப் பயன்படும்பொருட்டு அது துறைமுகத்திலேயே அமிழ்த்தப்பட்டது. எழுபத்தைந்து ஆண்டுகள்வரை நீருக்குள் கிடந்த அக்கப்பலை இலங்கைக் கடற்படையின் சுழியோடிகள் 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மிதக்கச் செய்தனர். அதற்கு முன்னே பல மாதங்கள் நீருக்கடியில் வேலை நடந்தது. சிதைந்த பகுதிகளை அடைத்து, வலுவிழந்த பக்கங்களுக்குத் துணைக்கட்டு அமைத்து, அதன் பின்னரே நீரை இறைத்தார்கள். முதலில் உடலை உறுதிப்படுத்து, பிறகு பலத்தைச் செலுத்து என்பதே அவர்கள் கைக்கொண்ட முறை.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் நெஞ்சில் இருத்திக்கொண்டு இப்போது வண்டிக்கு வருவோம்.

லாண்ட் றோவர் வண்டி 1948ஆம் ஆண்டு ஏப்பிரில் 30ஆம் திகதி ஆம்ஸ்ரடாம் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் முன் வைக்கப்பட்டது. யுத்தகாலத்து அமெரிக்க ஜீப் வண்டியைக் கண்டு எழுந்த எண்ணத்தின் விளைவு அது. மேலுடல் அலுமினியக் கலப்புத் தகட்டால் ஆனது. அடிச்சட்டம் உருக்குத் தகட்டைப் பெட்டிபோல இணைத்து ஆக்கப்பட்டது. உழவனின் வயலில் யந்திரங்களை ஓட்டவும், மரம் இழுக்கவும், பாதையில்லாத இடத்திற் செல்லவும் அது உதவவேண்டும் என்பதே அதனைச் சமைத்தோரின் நோக்கம். இலங்கையில் தேயிலைத் தோட்டங்களிலும், காடு மேடுகளில் உழைத்த அரசாங்கத் திணைக்களங்களிலும் இவ்வண்டிகள் பெரிதும் பயன்பட்டன. அவற்றிற் பல கைமாறி, மெருகு மாறி, இன்றும் ஓடுகின்றன. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டிலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அவ்விடைக்காலத்தில் பழைய வண்டியைப் பேணிக் காக்கும் கலையை நாட்டு மக்கள் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள்.

இத்தகைய வண்டியொன்றின் சொந்தக்காரர், பழுத்த அனுபவமுள்ள கராஜ்காரர் ஒருவரிடம் சென்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “அண்ணை, இந்தப் பழைய உருளையைக் கழற்றிப்போட்டு, பொத்தானை அமுக்கினால் இழுக்கிற புது வின்ச் ஒன்று பூட்டித் தருவீர்களோ?” அதற்கு அவர், “பூட்டலாம் தம்பி. முதலில் அந்தப் பழையது என்ன செய்யும், என்ன செய்யாது என்று உமக்குத் தெரியுமோ?” என்று திருப்பிக் கேட்பாரானால், அதுவே அறிவுடையோர் கேள்வி. விடை தெரிந்த பின்னரே மாற்றுவதைப் பற்றிப் பேசலாம்.

கப்ஸ்டன் உருளை எவ்வாறு வேலை செய்கின்றது? வண்டியின் இயந்திரத்திலுள்ள பிரதான சுழல்தண்டின் முன்முனையிலிருந்து அதற்குச் சுழற்சி கிடைக்கின்றது. புரிப்பற்சக்கரம் அச் சுழற்சியின் வேகத்தைக் குறைத்து வலிமையைப் பெருக்குகின்றது. கயிறு உருளையிற் சேமிக்கப்படுவதில்லை. ஒரு முனை மரத்தில் கட்டப்பட்டிருக்க, மறுபுறம் உருளையில் மூன்று அல்லது நான்கு சுற்றுச் சுற்றப்பட்டு, மீதி மனிதன் கையில் இருக்கும். உருளை சுழலும்போது அம்மனிதன் கயிற்றை மெல்ல இழுத்துப் பிடித்தால், உராய்வினால் உருளை கயிற்றைப் பற்றிக்கொண்டு பெரும் பலத்தோடு இழுக்கும்.

இதிலுள்ள கணிதம் மிக அழகானது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒயிலர் என்னும் கணித மேதை இதனை ஆராய்ந்தார். கயிற்றுக்கும் உருளைக்கும் இடையேயுள்ள உராய்வுக் குணகம் 0.2 எனக் கொண்டால், ஒரு சுற்றுக்குக் கையின் பலம் மூன்றரை மடங்காகும். இரண்டு சுற்றுக்குப் பன்னிரண்டு மடங்கு. மூன்று சுற்றுக்கு நாற்பத்து மூன்று மடங்கு. நான்கு சுற்றுக்கு ஏறத்தாழ நூற்றைம்பது மடங்கு. ஒவ்வொரு சுற்றும் முன்னைய பலத்தைக் கூட்டுவதன்று, பெருக்குவது. கப்பலைத் துறையில் கட்டும் மாலுமி ஒருவன் கட்டைத்தூணில் கயிற்றைச் சில சுற்றுச் சுற்றிவிட்டு ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்பதன் இரகசியமும் இதுவே.

அக்காலத்து லாண்ட் றோவர் கப்ஸ்டன் வின்ச்சின் இழுவைப் பலம் 3,000 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 1,360 கிலோகிராம். மூன்று சுற்றோடு இதனைத் தாங்கிப்பிடிக்க மனிதன் தன் கையால் இழுக்கவேண்டியது முப்பத்திரண்டு கிலோகிராம் அளவே. நான்கு சுற்றானால் ஒன்பது கிலோகிராம் போதும். ஆபத்தென்று கண்டால் கையைத் தளர்த்தினாற் போதும், இழுவை நின்றுவிடும். மேலும், இதற்கு ஒரு காவலனும் உண்டு. சுழற்சியை ஏந்திவரும் தண்டில் மென்மையான ஓர் ஊசி செருகப்பட்டிருக்கும். பாரம் எல்லை கடந்தால் அவ்வூசி வெட்டுண்டுபோகும், உருளை நின்றுவிடும், வண்டியும் கயிறும் மனிதனும் தப்பும். சில சதம் பெறுமதியுள்ள ஊசி தன்னைக் கொடுத்து விலைமதிப்பற்றதைக் காக்கின்றது. அது அடிக்கடி முறிகின்றதே என்று சலித்துக்கொண்டு, அதற்குப் பதிலாக உருக்கு ஆணியொன்றைச் செருகி வைப்போர் உண்டு. அவர்கள் வின்ச்சை வலுப்படுத்திவிட்டதாக எண்ணுகிறார்கள். உண்மையில் காவலனைக் கொன்றுவிட்டார்கள்.

இனி, எவ்வளவு பலம் தேவை என்பதைப் பார்ப்போம். 88 அங்குலச் சில்லிடைத் தூரமுள்ள லாண்ட் றோவர், ஆளும் பொருளும் ஏறிய நிலையில் ஏறத்தாழ 2,000 கிலோகிராம் நிறையுடையது. வண்டியின் முழு நிறையைப்போல ஒன்றரை மடங்கு இழுக்கவல்ல வின்ச் வேண்டும் என்பது வழக்கமான விதி. அவ்விதிப்படி 3,000 கிலோகிராம் இழுக்கவேண்டும். பழைய கப்ஸ்டனோ அதிற் பாதியைக்கூட எட்டவில்லை. அப்படியானால் அதைக் கழற்றி எறியவேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும்.

இங்கேதான் கப்பி துணைக்கு வருகின்றது. கயிற்றை வண்டியிலிருந்து கொண்டுபோய், மரத்தில் கட்டிய கப்பியொன்றைச் சுற்றி, திரும்பக் கொண்டுவந்து வண்டியின் கொக்கியிலேயே மாட்டினால், இரண்டு கயிறுகள் வண்டியை இழுக்கின்றன. வேகம் பாதியாகும், கயிறு இருமடங்கு செலவாகும், பலமோ உராய்வுக்குக் கழித்ததுபோக 2,400 கிலோகிராம் வரை பெருகும். சேற்றிற் புதைந்த வண்டிகளை மீட்பதற்குப் பட்டாளத்தார் கைக்கொள்ளும் கணக்கு ஒன்று உண்டு. சில்லளவுக்குப் புதைந்த வண்டியை அசைக்க அதன் நிறைக்குச் சமமான பலம் வேண்டும். மட்காட் அளவுக்குப் புதைந்தால் இருமடங்கு வேண்டும். ஆகவே சில்லளவு புதைந்த வண்டியைப் பழைய கப்ஸ்டன் ஒரு கப்பியின் துணையோடு மீட்டுவிடும். மட்காட் அளவு புதைந்த வண்டிக்கு 4,000 கிலோகிராம் வேண்டும். புதிதாக விற்கப்படும் 8,000 இறாத்தல் மின்சார வின்ச்கூட 3,630 கிலோகிராம் அளவே இழுக்கும். அதற்கும் கப்பி வேண்டும். அல்லது மண்வெட்டியை எடுத்துச் சில்லுக்கு முன்னேயுள்ள மண்ணைக் கால்மணி நேரம் வெட்டி அகற்றவேண்டும். வின்ச்சுகள் எல்லாவற்றிலும் மலிவானது மண்வெட்டி என்று சொன்னால் அது மிகையாகாது.

மின்சார வின்ச்சின் நன்மைகளை மறைப்பது நேர்மையன்று. பொழுதுபோக்கு வண்டிகளுக்கான மின்சார வின்ச்சை அமெரிக்காவின் வார்ன் நிறுவனம் 1959ஆம் ஆண்டளவில் விற்கத் தொடங்கியது. இன்று பல நாடுகளில் அவை செய்யப்படுகின்றன. வண்டியின் இயந்திரம் நீர்புகுந்து நின்றுபோனாலும் பற்றரியின் பலத்தால் அவை சில நிமிஷம் இழுக்கும். கப்ஸ்டனோ இயந்திரம் ஓடினாலன்றி ஓர் அங்குலமும் இழுக்காது. நீண்ட கம்பியின் முனையிலுள்ள பொத்தானைப் பிடித்துக்கொண்டு, கயிற்றுக்கு எட்டாத தூரத்தில் நின்று இயக்கலாம். தனியே செல்லும் ஒருவர் தம்மைத் தாமே மீட்டுக்கொள்ளலாம். கப்ஸ்டனுக்கு இருவர் வேண்டும்: கயிறு பிடிக்க ஒருவர், வேண்டியபோது இயந்திரத்தை நிறுத்த வண்டிக்குள்ளே இன்னொருவர். ஏனெனில், உருளையின்மீது கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்கிக்கொண்டால், கையைத் தளர்த்தினாலும் இழுவை நிற்காது. கப்ஸ்டனால் நேர்ந்த காயங்கள் பெரும்பாலும் இவ்விதம் நேர்ந்தவையே.

நன்மைகளைக் கூறியபின் அவற்றின் விலையையும் கூறவேண்டும். முழுப் பாரத்தில் இழுக்கும்போது மின்சார வின்ச் 12 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து 400 அம்பியர் அளவு மின்னோட்டத்தை உறிஞ்சும். பழைய லாண்ட் றோவரின் தைனமோ தரவல்லது இருபது அம்பியர் அளவே. ஒரு நிமிஷம் இழுத்ததை ஈடுசெய்ய இருபது நிமிஷம் இயந்திரத்தை ஓட்டவேண்டும். அதுவும் விளக்குகளை அணைத்துவிட்டு. ஆகவே வின்ச்சை மட்டும் மாற்றுவதோடு வேலை முடியாது. தைனமோவை மாற்றவேண்டும், பெரிய பற்றரி வைக்கவேண்டும், தடித்த கம்பிகள் இழுக்கவேண்டும். பழைய வண்டிகளிற் பலவற்றில் பற்றரியின் நேர்முனை அடிச்சட்டத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். இக்காலத்து உபகரணங்கள் எதிர்முனை இணைப்புக்கு அமைந்தவை. அதையும் திருப்பவேண்டும். ஒன்றைத் தொட்டால் நான்கைத் தொடவேண்டும் என்பது பழைய வண்டிக்காரர் அனைவரும் அறிந்த விதி.

கயிறு சுருளும் உருளையுடைய வின்ச்சுகளுக்கு வேறொரு குணமும் உண்டு. விளம்பரத்திற் குறித்த பலம் உருளையின்மீது முதலடுக்குக் கயிறு இருக்கும்போது மட்டுமே கிடைப்பது. அடுக்கு ஏற ஏற ஆரை பெருகி, நான்காவது அடுக்கில் பலம் மூன்றிலொரு பங்கு குறைந்துவிடும். கப்ஸ்டனிற் கயிறு எப்போதும் ஒரே ஆரையில் இருப்பதால், அதன் பலம் தொடக்கத்திலும் முடிவிலும் ஒன்றே. மோட்டார் சூடேறுவதால் மின்சார வின்ச்சை இடையிடையே ஆறவிடவேண்டும்; இயந்திரம் ஓடும்வரை கப்ஸ்டனுக்குக் களைப்பில்லை.

திருகோணமலை போன்ற கடற்கரைப் பிரதேசத்தில் உப்புக்காற்றையும் எண்ணவேண்டும். நிலாவெளியிலும் குச்சவெளியிலும் கடலோரம் நிற்கும் வண்டியில் செப்புத் தொடுகைகள் பச்சை பூக்கும். மின்விசைத் திறப்புகள் துருப்பிடித்து வேண்டிய வேளையில் வாய்திறவா. மாதம் ஒருமுறை இயக்கிப் பாராத மின்சார வின்ச்சை நம்பிச் சேற்றில் இறங்குவது அறிவுடைமையாகாது. கப்ஸ்டன் கேட்பது எண்ணெயும் மசகுமே.

உப்பு செய்யும் பெருங்கேடு வேறிடத்தில் இருக்கின்றது. பெட்டிபோன்ற அடிச்சட்டம் வெளியே திடமாகத் தோன்றும். உள்ளேயோ ஈரமும் உப்பும் தங்கித் தகட்டை அரித்துக்கொண்டிருக்கும். 1,360 கிலோகிராம் பலத்துக்கென்று அமைந்த முன்முனையில் 3,630 கிலோகிராம் பலத்தைச் செலுத்தினால் என்ன நேரும்? வேலியன்ட் கப்பலோடு அமிழ்ந்த தளத்தை நேயர்கள் இங்கே நினைவுகூர வேண்டும். அரிபட்ட சட்டத்தின் முனை வளையும், அல்லது வின்ச் தன் கட்டையோடு பிய்த்துக்கொண்டு பறக்கும். ஐம்பது கிலோகிராமுக்குக் குறையாத இரும்பு, இழுபட்ட கயிற்றின் வேகத்தோடு பறந்தால் அதன் முன்னே எவரும் நிற்க முடியாது. ஆகவே சிறு சுத்தியலால் சட்டத்தை முனைமுதல் முனைவரை தட்டிப் பார்த்து, ஓசை மங்கும் இடங்களை வெட்டி நல்ல தகடு ஒட்டிய பின்னரே வின்ச்சைப் பற்றிச் சிந்திக்கவேண்டும். சகாயிங் கப்பலை உயர்த்திய சுழியோடிகள் காட்டிய வழி இதுவே.

கயிற்றைப் பற்றியும் ஒரு சொல். இன்று பொலியெதிலீன் வகையைச் சார்ந்த செயற்கைக் கயிறுகள் உருக்குக் கம்பிக்குப் பதிலாக வந்திருக்கின்றன. அவை மிக இலேசானவை, நீரில் மிதப்பவை, அறுந்தால் உருக்குக் கம்பியைப்போல் கொடூரமாகச் சீறுவதில்லை. வெயிலும் மணலும் அவற்றுக்குப் பகை. மின்சார வின்ச் பூட்டுவோர் இவற்றைத் தேர்வது நன்று. ஆனால் இக்கயிற்றைப் பழைய கப்ஸ்டனிற் சுற்றினால் பெரும் ஏமாற்றம் காத்திருக்கின்றது. அது வழுவழுப்பானது. அதன் உராய்வுக் குணகம் 0.07 எனக் கொண்டால், மூன்று சுற்றுக்கும் கைப்பலம் நான்கு மடங்குகூட ஆகாது. நாற்பத்து மூன்று மடங்கு கிடைத்த இடத்தில் நான்குக்கும் குறைவு! நைலோன் கயிறோ இறப்பர்போல நீண்டு, அறும்போது உண்டைவில்லைப்போல் அடிக்கும். பழைய மணிலாக் கயிறு நல்லது. ஆயினும் ஈரத்தில் உள்ளே உளுத்துப்போகும். அதிகம் நீளாத தடித்த பொலியெஸ்டர் கயிறே இன்றைக்குக் கப்ஸ்டனுக்குப் பொருந்துவது. யந்திரத்தை மாற்றாமல் கயிற்றை மட்டும் ஆராய்ந்து மாற்றுவதும் ஒரு சீர்திருத்தமே.

அடுத்தது, வண்டியின் இன்றைய பயன் என்ன என்னும் கேள்வி. ஒரு காலத்தில் திருகோணமலையிலிருந்து தெற்கே மட்டக்களப்புக்குச் செல்பவன் துறைக்குத் துறை மிதவைப் பாதையில் ஏறி இறங்கவேண்டியிருந்தது. மாரிகாலத்திலே துறையின் இருபுறமும் சேறு. 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது; அதன்பின் சில ஆண்டுகளுக்குள் அப்பாதையின் ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. நாளும் வின்ச் தேவைப்பட்ட வழியில் இன்று பேருந்து தடையின்றி ஓடுகின்றது. தம்பலகாமத்து வயல்வரம்பிலோ, கொட்டியாரக்குடாக் கரையிலோ மாரிகாலத்தில் வண்டியை இறக்கவேண்டிய ஒருவருக்கு நல்ல வின்ச் இன்றும் வேண்டியதே. வருஷத்தில் இரண்டுமுறை கண்காட்சிக்கும், ஒருமுறை நண்பர்களோடு காட்டுக்கும் போகும் வண்டிக்கு அதே அளவை விதிக்க வேண்டியதில்லை.

மனிதரின் எண்ணிக்கையும் இக் கணக்கிற் சேரும். இதே கரையோரத்தில் கரைவலைத் தொழிலிலே இக் கேள்வி பெரிய உருவத்தில் எழுந்ததை நேயர்கள் அறிவார்கள். பலர் கூடி இரு புறமும் நின்று கையால் வாங்கிய வலையை, உழவு இயந்திரத்திற் பூட்டிய வின்ச்சினால் இழுக்கும் வழக்கம் அண்மைக் காலத்திற் பரவியது. கயிறு வாங்க ஆள் கிடைப்பதில்லை என்றார்கள் ஒரு சாரார். வின்ச் இழுக்கும் இழுவை கடலடியைச் சிதைக்கும், வலை வாங்கிப் பங்கு பெற்ற குடும்பங்களின் கஞ்சியிலும் கைவைக்கும் என்றார்கள் மறுசாரார். வழக்கு எப்படியாயினும், அதிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. புதிய யந்திரம் ஒன்று வந்தால் பழைய யந்திரம் மட்டும் போவதில்லை. அதைச் சூழ்ந்து நின்ற மனிதரின் இடமும் மாறுகின்றது. கப்ஸ்டன் இருவரைக் கூட்டிச் செல்லச் சொல்லும் யந்திரம். மின்சார வின்ச் தனியே போகலாம் என்று துணிவூட்டும் யந்திரம். துணைக்கு ஆள் உண்டாயின் முன்னதன் குறை பெரிதும் நீங்கும். துணையில்லையெனின் பின்னதே பாதுகாப்பு.

எனவே முடிவுக்கு வருவோர் இவ்வொழுங்கில் சிந்திப்பது நலம். முதலாவது, அடிச்சட்டம் திடமானதா? திடமில்லையெனின் பணம் முழுவதும் அங்கேயே செல்லவேண்டும். பழைய வின்ச்சையும் அதுவரை தொடலாகாது. இரண்டாவது, வண்டி தனியே செல்வதா, துணையோடு செல்வதா? தனியே சேற்றுநிலம் புகும் வண்டிக்கு மின்சார வின்ச் பூட்டுவதே முறை. அதற்குரிய தைனமோ, பற்றரி, கம்பி, கயிறு ஆகிய அனைத்தோடும் பூட்டவேண்டும். பாதிச் செலவில் பூட்டிய முழு வின்ச் ஒன்றுக்கும் உதவாது. மூன்றாவது, துணையோடு செல்லும் வண்டியாயின், பழைய கப்ஸ்டனைக் கழற்றித் துடைத்து, மசகிட்டு, உரிய மென்னூசியைச் செருகி, பொலியெஸ்டர் கயிறும், நல்ல கப்பியும், மரத்தின் பட்டையை அறுக்காத அகன்ற பட்டியும், ஒரு மண்வெட்டியும் சேர்த்துவிட்டாற் போதும். மரமில்லாத மணற்கரைக்கு, மேலதிகச் சில்லை ஆழப் புதைத்து அதிற் கயிற்றைக் கட்டும் வித்தையையும் பழகிக்கொள்ளவேண்டும்.

எவ்வழியைத் தேர்ந்தாலும் பழைய பாகங்களை எறியலாகாது. மூல நெற்றிக்கட்டையை வெட்டாமலும், சட்டத்திற் புதுத் துளைகள் இடாமலும், திருப்பிப் பூட்டக்கூடிய முறையில் மாற்றஞ் செய்வது, பின்னால் அவ்வண்டியைப் பெறப்போகும் பிள்ளைக்குச் செய்யும் உபகாரம். எவ்வழியைத் தேர்ந்தாலும் மற்றொரு விதியும் மாறாது. இறுகிய கயிற்றைத் தாண்டலாகாது. அதன் நேரே நிற்கலாகாது. வேடிக்கை பார்க்கும் சிறுவரைக் கயிற்றின் நீளத்துக்கும் அப்பால் நிறுத்தவேண்டும்.

பிரித்தானியக் கடற்படை 1957ஆம் ஆண்டு ஒக்டோபரில் திருகோணமலைத் தளத்தைக் கையளித்துவிட்டுச் சென்றது. அதன் பெருங்கப்பல்கள் போயின. ஐம்பதினாயிரம் தொன் தூக்கிய தளம் முன்னரே ஆழ்ந்துவிட்டது. ஆனால் அக்காலத்துச் சிறு வண்டியொன்று, நெற்றியில் நிமிர்ந்த உருளையோடு, இன்றும் கடற்கரைத் தெருவிற் செல்லக்கூடும். அதன் சொந்தக்காரர் வின்ச்சை மாற்றலாம், மாற்றாமலும் விடலாம். சட்டத்தைத் தட்டிப் பார்த்து, பாரத்தைக் கணக்கிட்டு, துணைக்கு வருபவரையும் எண்ணிப் பார்த்து எடுத்த முடிவாயின் இரண்டும் நல்ல முடிவே. தட்டிப் பாராது பூட்டிய பலத்தை மட்டும் எவரும் நம்பவேண்டாம்.